கொள்ளைநோயைத் தடுத்து நிறுத்துவது எப்படி? கொல்கத்தா தந்த பாடங்கள்

ஓர் ஊரில் வழக்கமாக வரும் அளவைவிட அதிகமானோர் ஒரே காலத்தில் ஒரே நோயால் பாதிக்கப்பட்டால், அதைக் கொள்ளைநோயின் தொடக்கமாகப் பொதுச் சுகாதாரத் துறையினர் கருதுகிறார்கள். நிபா, எபோலா போன்ற அரிய நோயாக இருந்தால் ஒரே ஒரு நோயாளி போதும். அதுவே எச்சரிக்கை மணி. அந்தக் கணத்திலிருந்து செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக நிற்கின்றன. நோயை உடனே கவனிக்க வேண்டும். அதை உண்டாக்கும் கிருமியை உறுதி செய்ய வேண்டும். பரவும் வழியை அடைக்க வேண்டும். நோயுற்றவரைப் பிழைக்க வைக்க வேண்டும், நோய் வராதவரைக் காக்க வேண்டும். இத்தனைக்கும் மக்களின் ஒத்துழைப்பைப் பெற வேண்டும்.

இந்த வேலைகளில் பலவற்றை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் கொல்கத்தா முதன்மையானது. காலரா என்னும் வாந்திபேதி வங்கத்தின் கழிமுகப் பகுதியில் நெடுங்காலமாக நிலைகொண்டிருந்த நோய். 1817இல் ஜெஸ்ஸோர் பகுதியில் வெடித்த காலரா, கப்பல்களோடும் படைகளோடும் ஆசியாவின் பல நாடுகளுக்குப் பரவியது. உலகைச் சுற்றிய ஏழு பெரும் காலராப் பரவல்களில் அதுவே முதலாவது. கடுமையாகத் தாக்கினால் நோயாளியின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறிவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் அத்தகைய நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்துபோவார்கள். காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் இறப்பதும் உண்டு.

முதலில் கவனிப்பது

நோயைத் தாமதமாகக் கண்டுகொண்டால் என்ன நேரும் என்பதற்கு மேற்கு வங்கத்திலேயே ஒரு துயரமான சான்று உண்டு. 2001 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சிலிகுரியில் காய்ச்சலும் மூளைப் பாதிப்புமாக 66 பேர் நோயுற்றனர். 45 பேர் இறந்தனர். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள், அல்லது அங்கே மற்ற நோயாளிகளோடு பழகியவர்கள். என்ன கிருமி என்று அப்போது தெரியவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபோதுதான் அது நிபா என்று தெரிந்தது. அந்த முடிவு 2006இல் வெளியானது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் அதே நிபா வந்தபோது கதை வேறாக அமைந்தது. முதல் நோயாளி யாருக்கும் சந்தேகம் எழாமலே இறந்துபோனார். ஆனால் அதே குடும்பத்தில் அடுத்தவர் அதே அறிகுறிகளோடு வந்ததும் மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள். மாதிரிகள் மணிப்பால் ஆய்வகத்துக்கும் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்கும் போயின. சில நாட்களிலேயே விடை கிடைத்தது. நோயாளிகளோடு தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலிடப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். 17 உயிர்கள் பறிபோயின. ஆனாலும் நோய் ஒரே மாதத்தில் அடங்கியது. அங்கும் பெரும்பாலோருக்கு நோய் தொற்றியது, கிருமி இன்னதென்று தெரிவதற்கு முன் முதல் நோயாளி மருத்துவமனையில் இருந்த நாட்களில்தான். அந்தச் சில நாட்களைக் குறைப்பதற்காகவே கண்காணிப்பு அமைப்புகள் இருக்கின்றன.

இந்தியாவில் அந்தப் பணியை 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் செய்கிறது. கிராமச் சுகாதார ஊழியர் தாம் கண்ட அறிகுறிகளை எஸ் படிவத்திலும், மருத்துவர் தம் கணிப்பைப் பி படிவத்திலும், ஆய்வகம் தன் முடிவை எல் படிவத்திலும் பதிவு செய்யும் வகையில் அது அமைந்தது. ஒரு தெருவில் திடீரென ஐந்தாறு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று எஸ் படிவம் சொன்னாலே போதும். ஆய்வக முடிவுக்காகக் காத்திராமல் குழு கிளம்பலாம்.

கிருமியை உறுதி செய்வது

ஜெர்மானிய அறிவியலாளர் ராபர்ட் கோச் 1883 டிசம்பரில் தம் குழுவோடு, அன்று கல்கத்தா என்று அழைக்கப்பட்ட கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் எகிப்தில் அவர் தொடங்கிய ஆய்வு, அங்கே காலரா ஓய்ந்துபோனதால் பாதியில் நின்றிருந்தது. காலராவால் இறந்தவர்களின் குடலில் இருந்து, காற்புள்ளி போல வளைந்த ஒரு நுண்ணுயிரை அவர் தனியாகப் பிரித்து வளர்த்தார். மற்ற வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் அது காணப்படவில்லை. 1884 பிப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து அவர் அனுப்பிய அறிக்கை, காலராவின் காரணி இதுதான் என்று உலகுக்கு அறிவித்தது. இத்தாலியரான ஃபிலிப்போ பாசினி 1854இலேயே இதே நுண்ணுயிரைக் கண்டிருந்தார். ஆனால் அன்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கிருமி தெரிந்த பிறகும் அது எப்படிக் கொல்கிறது என்பது விளங்க 75 ஆண்டுகள் ஆயின. அதற்கு விடை கண்டவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தும் முறையை அவர் 1953இல் வெளியிட்டார். கட்டப்பட்ட குடல் நீர் நிரம்பி வீங்கியது. அடுத்து, கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்திப் பார்த்தார். அப்போதும் குடல் வீங்கியது. கிருமி சுரக்கும் நச்சே குடலுக்குள் நீரைக் கொட்டச் செய்கிறது என்பது 1959இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவருடைய கட்டுரையால் நிலைநாட்டப்பட்டது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார்; டே 1985இல் மறையும் வரை அது அவருக்குக் கிடைக்கவில்லை.

கிருமியை உறுதி செய்வது ஒருமுறையோடு முடிகிற வேலையும் அல்ல. 1992 இறுதியில் சென்னையிலும் வேலூரிலும் காலரா அறிகுறியோடு வந்தவர்களின் மாதிரிகள், வழக்கமான ஓ1 வகைக் கிருமிக்கான பரிசோதனையில் பிடிபடவில்லை. அதுவரை அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதனோடும் அவை பொருந்தவில்லை. சில மாதங்களில் அதே கிருமி கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பரவியது. பழைய வகைக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களும் அதனால் பாதிக்கப்பட்டார்கள். கல்கத்தாவின் பேலியாகட்டாவில் இருந்த தேசியக் காலரா மற்றும் குடல்நோய்கள் நிறுவனம் உள்ளிட்ட ஆய்வகங்கள் ஆராய்ந்து, இது புதிய வகை என்று அறிந்தன. அதற்கு ஓ139 என்ற எண்ணும், வங்காள விரிகுடாக் கரையில் தோன்றியதால் ‘பெங்கால்’ என்ற பெயரும் அமைந்தன. ‘காலரா இல்லை’ என்று பரிசோதனை சொன்னபோதும் நோயாளியின் நிலையை நம்பி மேலும் தேடியதால்தான் இது வெளிப்பட்டது.

பரவும் வழியை அடைப்பது

1854இல் லண்டனில் மருத்துவர் ஜான் ஸ்னோ, காலராவால் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவின் கைப்பம்பே நோயைப் பரப்புகிறது என்று காட்டினார். கிருமியைப் பற்றி எதுவும் தெரியாத காலத்திலேயே பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கோச் கல்கத்தாவில் அடுத்த படியைக் கடந்தார். அங்கே ஒரு குளத்தைச் சுற்றியிருந்த குடிசைகளில் காலரா கண்டது. அந்தக் குளத்தில்தான் மக்கள் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், குடிக்கவும் நீர் எடுத்தார்கள். காலராவால் முதலில் இறந்தவரின் துணிகளும் அதிலேயே அலசப்பட்டிருந்தன. நோய் உச்சத்தில் இருந்தபோது எடுத்த நீரில் காற்புள்ளிக் கிருமிகள் ஏராளமாக இருந்தன. நோய் தணியத் தணிய நீரிலும் அவை குறைந்தன.

கல்கத்தாவுக்குப் பால்டாவிலிருந்து வடிகட்டிய ஹூக்ளி நீர் 1870ஐ ஒட்டிக் குழாய்களில் வரத் தொடங்கியதும் நகரில் காலரா சாவுகள் குறைந்தன. இன்றும் ஓரிடத்தில் காலரா கண்டால் அங்குள்ள அதிகாரிகள் முதலில் தேடுவது, குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எங்கே உரசிக்கொள்கின்றன என்பதைத்தான். குழாய் விட்டுவிட்டுத் தண்ணீர் தரும் ஊர்களில் இந்த ஆபத்து கூடுதல். தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியே சுற்றியுள்ள அழுக்குநீர் உள்ளே புகும். உடைப்பைச் சரிசெய்வது, குளோரின் கலப்பது, அதுவரை லாரியில் நல்ல தண்ணீர் கொடுப்பது ஆகிய மூன்றும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

நோயாளியைப் பிழைக்க வைப்பது

நீர் இழப்பே கொல்கிறது என்றால், இழந்த நீரைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் தங்க வேண்டும். கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசலால் காலரா நோயாளிகளைக் குணப்படுத்தியதை 1953இலேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார். சர்க்கரை இருந்தால் குடல் உப்பையும் அதோடு நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற அறிவியல் விளக்கம் பின்னர் கிடைத்தது. 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. ஆயினும் பெரும்பாலான மருத்துவர்கள் ரத்தக் குழாயில் ஏற்றும் ட்ரிப்ஸை மட்டுமே நம்பினார்கள்.

1971இல் அந்த நம்பிக்கை சோதனைக்கு உள்ளானது. வங்கதேச விடுதலைப் போரால் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோரம் இருந்த பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தார்கள். ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா ஆய்வு மையத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொடி கலந்து பாலித்தீன் பைகளில் அடைத்தார்கள். பன்காவில் அதைக் குழாய் பொருத்திய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். தாய்மாரும் உறவினரும் குவளையில் பிடித்துச் சென்று தங்கள் நோயாளிக்குப் புகட்டினார்கள். ஊசி குத்தத் தெரிந்தவர் தேவைப்படவில்லை. அகதி முகாமில் 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, இவ்வாறு கவனிக்கப்பட்டவர்களில் 3.6 விழுக்காடாக இறங்கியது. அங்கு வந்து பார்த்த உலகச் சுகாதார அமைப்பின் திமான் பருவா இம்முறையை உலகெங்கும் கொண்டுசெல்ல உழைத்தார். இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பது அதன் வழிவந்ததே. 2022இல் மறைந்த மஹாலனாபிஸுக்கு 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

நோய் வராதவரைக் காப்பது

1894 மார்ச்சில் கல்கத்தாவின் காட்டல் பகான் குடிசைப் பகுதியில் காலரா கண்டபோது வால்டெமர் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய காலராத் தடுப்பூசியோடு அங்கே சென்றார். சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன்பின் அங்கே காலரா தாக்கியது ஊசி போடாதவர்களை மட்டுமே. நூறாண்டுக்குப் பிறகு, 2006இல், இதே நகரின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 67,000 பேர் பங்கேற்ற ஆய்வில் வாய்வழித் தடுப்பு மருந்து சோதிக்கப்பட்டது. இரு தவணையாகக் கொடுத்த அம்மருந்து ஐந்தாண்டுக் காலத்தில் 65 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது. விலை குறைந்த இம்மருந்தைப் போன்றவை இன்று உலகச் சேமிப்பிலிருந்து பல நாடுகளுக்குப் போகின்றன. தடுப்பு மருந்து சுத்தமான தண்ணீருக்கு மாற்று ஆகாது. குழாய்களைச் சீர்செய்யும் வரை கிடைக்கும் அவகாசம் அது.

மக்களின் ஒத்துழைப்பு

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அரசு வீடு புகுந்து சோதனையிட்டது. நோயாளிகளை வலுக்கட்டாயமாக முகாம்களுக்கு இழுத்துச் சென்றது. அதே நோய் பரவிய புனேயில் மக்கள் கொண்ட ஆத்திரம் 1897இல் பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்படும் அளவுக்குப் போனது. 1898இல் கல்கத்தாவில் பிளேக் தென்பட்டதும் வதந்திகள் பரவின. ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினார்கள். அச்சத்தால் நோயாளிகளை மறைத்தால் எந்தக் கண்காணிப்பும் பயன் தராது. அதை உணர்ந்த அரசு, வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ள இடம் கொடுத்தது, தடுப்பூசியைக் கட்டாயமாக்கவில்லை.

விவேகானந்தர் பீதியைத் தணிக்க ஓர் அறிக்கை எழுதி வங்காளியிலும் இந்தியிலும் பரப்பினார். 1899இல் நோய் மீண்டும் வந்தபோது ராமகிருஷ்ண மிஷனின் பிளேக் பணியை, பாரதியார் தம் குருவாகப் போற்றிய சகோதரி நிவேதிதா முன்னின்று நடத்தினார். சுவாமி சதானந்தரின் தலைமையில் பாக்பஜார் சந்துகளில் குப்பை அள்ளப்பட்டது. நிவேதிதாவே துடைப்பத்தை எடுத்துத் தெருவில் இறங்கியதும் இளைஞர்கள் உடன் வந்தார்கள். இன்று ஆர்.ஜி. கர் மருத்துவமனை தாங்கியிருக்கும் பெயருக்கு உரிய மருத்துவர் ராதாகோவிந்த கர், அவரோடு சேர்ந்து குடிசைகளில் நோயாளிகளைப் பார்த்தார். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோதும் இதே உண்மை தெரிந்தது. ஊர்ப் பெரியவர்களோடும் மதத் தலைவர்களோடும் பேசி, மரியாதையும் பாதுகாப்பும் கூடிய அடக்க முறையை ஏற்படுத்திய பிறகே, சடலங்களின் வழியே பரவிய தொற்று குறைந்தது.

முடிந்தது என்று சொல்வது

கடைசி நோயாளி வீடு திரும்பியதும் வேலை முடிவதில்லை. கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றுவதற்கு எபோலாவில் 21 நாட்கள் வரை ஆகலாம்; அதனால் அதன் இரு மடங்கான 42 நாட்கள் புதிய தொற்று இல்லாமல் கழிந்த பிறகே நோய் ஓய்ந்ததாக அறிவிக்கிறார்கள். காலராவில் அறிகுறி சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் தோன்றிவிடும். ஆனால் அந்தக் கிருமி உப்பங்கழி நீரில் மனிதர் இல்லாமலே வாழக்கூடியது; அதை உலகிலிருந்தே ஒழித்துக்கட்ட முடியாது. காலராவால் நிகழும் சாவுகளை 2030க்குள் 90 விழுக்காடு குறைப்பது என்று 2017இல் வகுத்த உலகத் திட்டமும் கிருமியை உலகிலிருந்தே ஒழிப்பதைப் பேசவில்லை. விரைந்து கண்டறிதல், நல்ல குடிநீர், கழிவுநீர் வசதி, தடுப்பு மருந்து, ஓ.ஆர்.எஸ். ஆகியவற்றை நோய் திரும்பத் திரும்ப வரும் இடங்களுக்கு ஒருசேரக் கொண்டுசெல்வதே அதன் வழி. இவற்றில் அதிகச் செலவும் அதிகக் காலமும் பிடிப்பது குடிநீரும் கழிவுநீர் வசதியும்தான். அவை வந்து சேர்ந்த ஊர்களில் காலரா மீண்டும் காலூன்றவில்லை.