செங்காந்தள்: பூவைப் பார்ப்போம், கிழங்கைத் தொடவேண்டாம்



ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பள வேலை நின்றுவிடும். நம்மில் பலர் விறகுக்காகக் காட்டுப் பக்கம் போவோம். அந்த நேரத்தில்தான் புதர்மேல் ஏறி, தீ எரிவதுபோல் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு கொடி பூக்கும். அதுதான் செங்காந்தள். கார்த்திகைப் பூ, கண்வலிப் பூ என்றும் சொல்வோம். நம் தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். இலையின் நுனியே சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடித்து மேலே ஏறும்.

"அழகா இருக்கே" என்று கிழங்கைத் தோண்டிவந்து வீட்டு வேலியில் நடுபவர்கள் உண்டு. ஆனால் இந்தக் கொடி முழுவதும் விஷம். கிழங்கிலும் விதையிலும் விஷம் அதிகம். அந்த விஷத்தின் பெயர் கோல்சிசின்.

அப்படின்னா ஏன் பயிர் செய்யறாங்க? ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கும் வேலையும் உண்டு. விதை மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. கவுட் என்னும் மூட்டுவலிக்கு அதிலிருந்து மாத்திரை செய்கிறார்கள். ஒரு மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம் மருந்துதான். அதையும் டாக்டர் சொன்னபடிதான் சாப்பிட வேண்டும். மூட்டுவலிக்கு என்றோ, கருவைக் கலைக்க என்றோ யாராவது கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். உயிரே போய்விடும்.

கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும். அதனால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். உடைந்த துண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலத் தெரியும். பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் சில மணி நேரத்தில் வாய், தொண்டை எரியும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அது நின்றதும் சரியாயிடுச்சு என்று இருந்துவிடக் கூடாது. அடுத்த சில நாளில் சிறுநீரகமும் இரத்தமும் பாதிக்கப்படலாம்.

நாம் செய்ய வேண்டியவை:

* வாந்தி எடுக்க உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அதுவே ஆபத்து.
* அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.
* சாப்பிட்ட கிழங்கின் மிச்சத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.
* வீட்டில் கொடி இருந்தால் காய்கறிப் பாத்தியிலிருந்து தள்ளி வையுங்கள். சிறு பிள்ளைகளும் ஆடுகளும் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.
* கிழங்கையோ விதையையோ சமையல் அறையில் வைக்காதீர்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

காட்டில் பூப்பது காட்டிலேயே இருக்கட்டும். தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது குறைந்துவிட்டது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்வோம்.