பூஜ்யத்திலேயே நிற்கும் கணக்கு

பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஃபைல்) எழுதக் கற்றுவரும் ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். ஒரு ஃபோல்டரில் இருக்கும் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாக எண்ண நாலு வரி எழுதினாராம். திரையில் 1, 2, 3 என்று ஏற வேண்டியது 0, 0, 0 என்றே வருகிறது. "ஏஐயிடம் கேட்டேன். வேறு மாதிரி எழுதித் தந்தது, ஓடியது. ஆனால் நான் எழுதியதில் என்ன தப்பு?"

ஓடிவிட்டதே என்று விட்டுவிடாமல் கேட்டாரே, அதுதான் படிப்பு.

அவர் எழுதியதன் சாரம் இவ்வளவுதான். எண் என்ற மாறியில் 0 வை. ஒவ்வொரு படத்துக்கும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு வேலைகளைச் செய்: எண்ணில் ஒன்று கூட்டு, பிறகு %எண்% என்பதைக் காட்டு. யோசனையில் ஓட்டையே இல்லை. விண்டோஸின் சிஎம்டி இதைப் படிக்கும் விதத்தில்தான் சூட்சுமம். முதலில் அது கட்டளையை முழுசாகப் படிக்கும். சதவீதக் குறிகளுக்கு நடுவே உள்ள பெயரை எடுத்துவிட்டு, அந்த நொடியில் அதற்கு என்ன மதிப்போ அதை எழுத்தாகவே ஒட்டிவிடும். பிறகுதான் ஓட்டம். அடைப்புக்குறி திறந்து மூடும்வரை எத்தனை வரி இருந்தாலும் சிஎம்டிக்கு அது ஒரே கட்டளை.

கல்யாணப் பந்தியில் ஒரு பையனிடம் சீட்டு கொடுக்கிறார்கள்: "பந்தி முடிய முடிய டப்பாவில் ஒரு பாக்குப் போடு, 'இதுவரை ___ பந்தி' என்று சமையலறைக்குக் குரல் கொடு." பையன் படுசுறுசுறுப்பு. முதல் இலை போடும் முன்பே டப்பாவைத் திறந்து பார்க்கிறான். காலி. கோடிட்ட இடத்தில் 0 என்று எழுதிக்கொள்கிறான். அப்புறம் பாக்கு ஒழுங்காக விழுகிறது. குரல் மட்டும் "இதுவரை 0 பந்தி" என்றே போகிறது. கடைசியில் டப்பாவைக் கொட்டினால் கணக்கு சரியாக இருக்கும். வாசகரும் லூப், அதாவது படத்துக்குப் படம் சுற்றும் அந்தச் சுற்று, முடிந்தபின் ஒரு தடவை %எண்% காட்டச் சொல்லிப் பார்க்கட்டும், சரியான தொகை வரும்.

இதற்கு வழி உண்டு. 'செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பேன்ஷன்' என்று மேலே ஒரு வரி சேர்த்து, %எண்% இருந்த இடத்தில் !எண்! போட வேண்டும். ஆச்சரியக்குறி போட்ட இடத்தை, அங்கே போய்ச் சேரும்போதுதான் பையன் நிரப்புவான். ஆனால் விருந்தாளியின் பெயரிலேயே ஆச்சரியக்குறி இருந்தால் அதையும் விழுங்கிவிடுவான். 'தாலி கட்டியாச்சு!' என்று பெயர் வைத்த படத்தை லூப்புக்குள் நகலெடுக்கப் போனால், குறி உதிர்ந்து, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று நிற்கும்.

பூர்வீகம் சுருக்கமாக: 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸில், 160 கிலோபைட் ஃபிளாப்பியிலிருந்து பேட்ச் ஃபைல் வரி வரியாகப் படிக்கப்பட்டது. 1993இல் விண்டோஸ் என்டி வந்தபோது சிஎம்டியில் பல வரிகளை அடைப்புக்குறிக்குள் கட்ட முடிந்தது. ஒட்டிவிட்டு ஓட்டும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது.

இந்தப் பழக்கத்தின் ஆபத்தான முகம் காலி மாறியில் தெரியும். பேட்ச் ஃபைலில் மதிப்பில்லாத மாறி சத்தமில்லாமல் மறைந்துவிடும். அழிக்கச் சொல்லும் 'டெல் /க்யூ %இடம்%\*.*' என்பது 'டெல் /க்யூ \*.*' ஆகி, டிரைவின் ரூட்டில் இருக்கும் ஃபைல்கள்மீது கேள்வி கேட்காமல் பாயும். உள் ஃபோல்டர்களுக்கும் போகச் சொல்லும் /எஸ் சேர்ந்திருந்தால் டிரைவ் முழுவதும். அதே வரியைக் கறுப்புத் திரையில் கையால் அடித்துச் சோதித்தால் %இடம்% மறையாது. அப்படி ஓர் இடம் இல்லை என்று சிஎம்டி திரும்பிவிடும். சோதித்துப் பார்த்தோமே என்று நிம்மதியாக இருப்போம். 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்று, கட்டளையைப் படிக்கும் ஷெல் வேறானாலும் இதே காலி இடத்தால், சிலருடைய கணினியில் அவர்களின் ஃபைல்களையெல்லாம் அழித்தது.

இனி யாரும் ஸ்கிரிப்ட் கற்க வேண்டாம், இயந்திரமே எழுதிவிடும் என்ற முழக்கத்தை நான் நம்பாதது இதனால்தான். எழுதித் தரும், சரி. உங்கள் ஃபோல்டரில் அன்றைக்கு எந்த மாறி காலியாக இருக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

வாசகருக்கு ஒன்று: அழிக்கும் வரி எதுவானாலும், முதல் ஓட்டத்தில் 'டெல்' முன்னால் 'எக்கோ' போடுங்கள், பேட்ச் ஃபைலுக்குள்ளேயே. நிரப்பிய வரி திரையில் வரும், எதுவும் அழியாது. பாதை முழுசாக இருக்கிறதா என்று படித்துவிட்டு எக்கோவை எடுங்கள்.