பாதரசமும் பாக்டீரியாவும்

புனே நகரின் வழியே ஓடும் முளாவும் முட்டாவும் கூடிப் பீமா ஆற்றில் கலக்கின்றன. பீமா கிருஷ்ணையோடு சேர, கிருஷ்ணை வங்கக் கடலை அடைகிறது. கடலைக் காணாத நகரங்களின் கழிவுக்கும் கடலே முடிவிடம். அக்கழிவில் பாதரசம் இருந்தால் என்ன நேரும்?

பாதரசம் ஒரு தனிமம். அதனை எரித்தாலும் புதைத்தாலும் அழிக்க இயலாது. வடிவம் மட்டுமே மாறும். கடலை அடையும் பாதரசத்தின் ஒரு பகுதி மண்துகள்களில் ஒட்டி, அடியிலுள்ள வண்டலில் படிகிறது. வண்டலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உயிர்வளி இராது. அங்கு வாழும் சில பாக்டீரியாக்கள் உயிர்வளிக்கு மாற்றாகச் சல்பேட்டைப் பயன்படுத்தி ஆற்றல் பெறுகின்றன. அவற்றுட் சில, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இம்மாற்றத்திற்குத் தேவையான இரு மரபணுக்களை அறிவியலாளர் 2013ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

மெத்தில் பாதரசம் உடலில் எளிதில் சேரும், மெல்லவே வெளியேறும். மிதவையுயிரிகளை உண்ணும் சிறுமீனில் அது மிகுகிறது. சிறுமீனை உண்ணும் பெருமீனில் மேலும் மிகுகிறது. அம்மீனை உண்பவரின் நரம்பு மண்டலத்தையும், கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் அது தாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலையொன்று மெத்தில் பாதரசத்தையே கடலில் விட்டது. அதனால் உண்டான நோய் 1956இல் கண்டறியப்பட்டது. அதே நஞ்சைத்தான் கடலடிச் சேற்றில் இந்நுண்ணுயிரிகள் ஓசையின்றி ஆக்குகின்றன.

எல்லாப் பாக்டீரியாக்களும் இவ்வாறு செய்வதில்லை. பாதரசத்தைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்கள் இந்தியக் கடலோரங்களில் இருப்பதைக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தினர் கண்டறிந்துள்ளனர். இத்தகையவற்றுட் சில, ஒரு நொதியால் மெத்தில் பிணைப்பை வெட்டுகின்றன. மற்றொரு நொதியால் பாதரசத்தை ஆவியாக்கி வெளியேற்றுகின்றன. ஆயினும் அவ்வாவி காற்றில் பரவி, மழையோடு மீண்டும் நிலத்தில் இறங்கும்.

எனவே, நஞ்சு தோன்றும் இடத்திலேயே அதனைத் தடுப்பதே வழி. கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. மண்ணைத் தூய்மைப்படுத்துவது பற்றிய விவாதமோ பல ஆண்டுகள் நீடித்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் உறுதி செய்தது. உடைந்த வெப்பமானியைக் குப்பையில் எறியாதிருப்பதும் அவ்வுடன்படிக்கையைக் காப்பதே ஆகும்.

சொற்பொருள்
வண்டல் – நீர் கொணர்ந்து படியவிடும் மண்
உயிர்வளி – ஆக்சிஜன்
நொதி – உயிரணுவில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்

வினாக்கள்
1. பாதரசத்தை அழிக்க இயலாதது ஏன்?
2. சிறுமீனைவிடப் பெருமீனில் நஞ்சு மிகுவது எவ்வாறு?
3. ‘பாக்டீரியா நண்பனா, பகையா?’ – உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.