மலைக்குப் போகிறீர்களா? ஸ்வெட்டரை வீட்டிலேயே வையுங்கள்!



கோடை விடுமுறை நெருங்கினால் நம் சங்கத்தில் என்னைத் தேடி வருபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், இந்த மே மாதம் குடும்பத்தோடு திருப்பதி போகிறோம். நடந்து மலை ஏறுவதாக வேண்டுதல். அப்படியே தலைக்கோனாவும் பார்த்துவிட்டு வரலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். என்ன உடுத்திக்கொள்ளலாம்? காலுக்கு என்ன போடலாம்?"

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சினீயரிங் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நான், உத்தியோக காலத்தில் பெரும்பகுதியைப் பாகாலா ஜங்ஷனைச் சுற்றியே கழித்தேன். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும் பாதையில், தர்மவரத்துக்குக் கிளை பிரியும் ஊர் அது. அந்தக் கிளை மீட்டர் கேஜாக இருந்த நாளிலிருந்து, 2010-இல் அகலப் பாதையானது வரை, தாமலச்செருவு, பீலேர் பக்கத்துக் குன்றுகளின் ஓரமாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு டில்லியில் மகள் வீட்டில் பாதி ஆண்டு, பாகாலாவில் பாதி ஆண்டு என்று ஓடுகிறது.

டில்லியில் இருக்கும் நமக்கு மலை என்றால் முசௌரி, சிம்லாதான். அவை 6,500, 7,000 அடிக்கு மேல். அதனால் "மலைக்குப் போகிறோம்" என்றதும் தடித்த ஜீன்ஸ், முழுக்கை ஜெர்ஸி, ஸ்வெட்டர் எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகின்றன. திருமலையின் உயரம் சுமார் 2,800 அடி. மதனப்பள்ளிக்குப் பக்கத்து ஹார்ஸ்லி மலைகூட 4,100 அடி அளவுதான். 1,000 அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே திருப்பதியில் 40 டிகிரி என்றால் மேலே போய்ச் சேரும்போது 35-க்குச் சற்று மேலோ கீழோ இருக்கும். அதுவும் ஏறி முடித்த பிறகுதான். ஏறும்போது உடம்பே ஓர் அடுப்பு.

இதை நான் பாடமாகக் கற்றது 2019 மே மாதம். பேரனுக்கு அப்போது 13 வயது. ஸ்ரீநிவாசமங்காபுரம் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழியாகப் போனோம். 2,388 படிகள், தூரம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தூரம் குறைவு என்பதால் ஏற்றம் செங்குத்து. காலைப் பலகாரம் எல்லாம் முடித்து, நாங்கள் முதல் படியில் கால் வைக்கும்போது மணி ஒன்பதரை. பையன் தடித்த ஜீன்ஸும், உடம்போடு ஒட்டிய கறுப்பு ஜெர்ஸியும் போட்டிருந்தான். பாதி வழியில் அவன் பேச்சு நின்றது. முகம் வெளுத்தது. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்; பிறகு வாந்தி. நிழலில் படுக்க வைத்து, ஜெர்ஸியைக் கழற்றி, என் துண்டை நனைத்து உடம்பெல்லாம் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவன் முகத்தில் ரத்த ஓட்டம் வந்தது. என் மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. வேலை பார்த்த நாளில் கேங்மேன்களை மே மாத வெயிலில் எந்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அறிந்திருந்த நான், சொந்தப் பேரன் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

உடை

வெப்பத்தில் உடம்பைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் தரையில் சொட்டும் வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே வெப்ப மலைக்கு உடை தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, "இது வியர்வையை ஆவியாக விடுமா?" என்பதுதான். ஜீன்ஸ் விடாது, நனைந்தால் கனத்து, ஒவ்வொரு படிக்கும் முழங்காலைப் பிடித்து இழுக்கும்.

தளர்வான, வெளிர் நிறமான, மெல்லிய பருத்தித் துணியே நம் பக்கத்து வறண்ட வெயிலுக்கு உத்தமம். தளர்வாக இருந்தால் நடக்கும்போது உள்ளே காற்று புகுந்து வெளியேறும். பாலியெஸ்டர் இழை ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை எனலாம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடிக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. ஆனால் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இப்போது வரும் விளையாட்டுச் சட்டைகளில் கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டுப் பின்னியவை சீக்கிரம் உலரும். அருவியில் நனைகிற இடத்துக்கு அவை பருத்தியைவிட நல்லது. நெருக்கமாக நெய்த, ஒட்டிப் பிடிக்கும் ரகம்தான் ஆபத்து.

பெண்களுக்குப் பருத்திச் சுடிதார் வசதி. துப்பட்டாவைக் குறுக்கே கட்டிப் பின் குத்திக்கொள்ளவும். புடவைதான் என்பவர்கள் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்ட வேண்டும். கொசுவம் தடுக்கினால் விழுவது கல்லின் மேல். தரிசனத்துக்கான வேட்டி, புடவையைத் தனியாகப் பையில் வைத்து, மேலே போய்க் குளித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

காட்டுப் பக்கம் போகிறவர்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்க்கவும். சேஷாசலக் காட்டில் முட்புதர் அதிகம். ஊசிப்புல் விதை சாக்ஸுக்குள் நுழைந்தால் வீடு திரும்பும்வரை குத்திக்கொண்டிருக்கும். தலைக்கு விளிம்பு வைத்த துணித் தொப்பி, இல்லாவிட்டால் நனைத்த ஈரிழைத் துண்டு. தண்டவாளத்தில் நடந்த எங்கள் ஆட்கள் தலையில் துண்டு இல்லாமல் கிளம்பியதே இல்லை.

காலணி

தண்டவாளம் வெயிலில் நீளும் என்பதால் இரண்டு ரயில்களுக்கு நடுவே இடைவெளி விடுவோம். காலும் அப்படித்தான், நடக்க நடக்க வீங்கும். ஆகவே ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறங்கும்போது கால் முன்னால் வழுக்கி விரல்கள் மோதும். இடம் இல்லையென்றால் நகம் கறுத்து விழும். இறங்கத் தொடங்குமுன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் இது பெரிதும் குறையும்.

புது ஷூவோடு மலைக்கு வராதீர்கள். இரண்டு வாரமாவது காலை நடைக்குப் போட்டுப் பழக்குங்கள். இதற்கு நேர்மாறான தவற்றை நான் செய்தேன். மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஷூவை "நல்ல நாளைக்கு" என்று 6 ஆண்டு அலமாரியில் பூட்டி வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு தலைக்கோனா போன அன்று, பாறைப் பாதையில் அடிப்பாகம் அப்படியே பெயர்ந்து வாய் பிளந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு திரும்பினேன். முன்னால் போன ஊர்க்காரரோ டயர் செருப்பில் சர்வ சாதாரணமாக நடந்தார். பிற்பாடு விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அடியில் மெத்தென்று இருக்கும் பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். வெளிநாட்டு உறவினர் கொடுத்த ஷூ நம் வீடுகளில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! எடுத்து வளைத்துப் பாருங்கள். விரிசலோ பொடியோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

270 அடி உயரத்திலிருந்து விழும் தலைக்கோனா அருவிப் பக்கம் பாறைகள் பாசி பிடித்தவை. அங்கே பள்ளம் பள்ளமாக வெட்டிய மென்மையான ரப்பர் அடி வேண்டும். கடினமான பிளாஸ்டிக் அடி வழுக்கும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி வைத்திருந்து பாதி வழியில் மாற்றுங்கள். எங்கேயாவது சுருக்கென்று சூடு தெரிந்தால், "மேலே போய்ப் பார்க்கலாம்" என்று நடக்காமல் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

வெறுங்காலோடு வேண்டுதல் உள்ளவர்களுக்கு

பக்தியில் நான் தலையிடவில்லை. அலிபிரி வழி சுமார் 3,550 படிகள், 9 கிலோமீட்டர். வெறுங்காலோடு ஏறுவோர் விடியலில், கல் சூடேறுமுன் தொடங்குங்கள். செருப்பைப் பையில் வைத்திருங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டதும் தெரியாது, குத்தியதும் தெரியாது. ஆறாத புண்ணாகி விரலை எடுக்கும் நிலை வரலாம். சிறுத்தை நடமாட்டம் காரணமாக நடைபாதைகளில் நேரக் கட்டுப்பாடுகள் வருவதுண்டு. கிளம்புமுன் தேவஸ்தான அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே ஏறுவதை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி உடம்பை நனையுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், குளிரவைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அது நிமிஷக் கணக்கு.

அதே ஆண்டு டிசம்பரில் பேரனோடு அதே ஸ்ரீவாரி மெட்டு ஏறினேன். இந்தத் தடவை விடியற்காலை, வெள்ளைப் பருத்திச் சட்டை, நன்றாகப் பழகிய பள்ளிக்கூட ஷூ. கடைசி 200 படிகளில் என்னை விட்டுவிட்டு ஓடிப்போய், மேலே நின்று "தாத்தா, தண்ணி வேணுமா?" என்று சிரித்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படிச் சிரித்துக்கொண்டே மேலே போய்ச் சேரட்டும்.