முதற் கமரா வாங்கப் போகிறீர்களா?

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் தங்கையின் மகன், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டுக்கு வந்தான். வந்தவன் வைத்த தேநீரைக்கூடத் தொடவில்லை. "மாமா, அம்மாவுக்குச் சீட்டுக் காசு கிடைத்திருக்கிறது. கமரா வாங்கப் போகிறேன். எத்தனை மெகாபிக்சல் உள்ளதை வாங்கலாம்?" என்று கேட்டான்.

சீட்டுக் காசு என்றால் என்ன என்பதை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுச் செலவில் மாதந்தோறும் மிச்சம் பிடித்து, ஒரு தாய் இரண்டு வருடங்களாகக் கட்டிய பணம் அது. திருமண வீடுகளிற் படம் பிடித்தேனும் மகன் முன்னேறட்டும் என்று அதை அவன் கையிற் கொடுத்திருக்கிறாள். அப்பணம் யாரோ ஒருவரின் பேச்சு வன்மையிற் கரைந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

"மெகாபிக்சல் இருக்கட்டும் தம்பி. நீ எதைப் படம் பிடிக்கப் போகிறாய்? அதைச் சொல்" என்றேன். அவன் விழித்தான். அன்று அவனுக்குச் சொன்னவற்றையே, அவனைப் போல முதன்முதலாகக் கமரா வாங்க எண்ணியிருக்கும் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

எண்ணிக்கை மயக்கம்

ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் ஒளிப்புள்ளிகள். அல்பத்தில் ஒட்டும் ஆறங்குல, நாலங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் கணக்கிட்டாலும், இருபத்திரண்டு இலட்சம் புள்ளிகளுக்கு மேல் வேண்டியதில்லை. 24 மெகாபிக்சல் கமராவின் படத்தை இருபது அங்குல அகலத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். அதற்கு மேல் எமது வீடுகளிற் சுவர் ஏது?

1975ஆம் ஆண்டில் கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிற்றல் கமரா பதினாயிரம் புள்ளிகளை மாத்திரமே பதிந்தது. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. இன்று புள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், எம் நாட்டின் லயனல் வென்ட் (1900–1944) எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் முன் நிற்பவர் எவரும் புள்ளிக் கணக்குக் கேட்பதில்லை.

கண்ணாடி செய்யும் வேலை

மருமகன் விரும்பியது 'டி.எஸ்.எல்.ஆர்.' என்னும் வகை. அதன் வயிற்றினுள்ளே ஒரு சிறு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. வில்லை வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, பட்டகம் ஒன்றின் ஊடாக எமது கண்ணுக்கு அனுப்புகிறது. விசையை அழுத்தியதும் கண்ணாடி மேலெழ, ஒளி நேரே பின்னாலுள்ள உணரியிற் படுகிறது. அந்த 'கிளிக்' ஓசையிற் பாதி இக்கண்ணாடியின் ஓசையே.

1991இல் கொடக் நிறுவனம், நிக்கோன் கமரா ஒன்றின் உடலில் உணரியைப் பொருத்தி விற்ற இவ்வகைக் கமராவின் விலை 20,000 டொலர் அளவில் இருந்தது. 2003இல் கெனன் நிறுவனம் 1,000 டொலருக்குக் குறைந்த விலையில் ஒன்றை வெளியிட்ட பின்னரே சாதாரண மக்களும் இதை வாங்கத் தலைப்பட்டனர். இப்பொழுதோ கெனன், நிக்கோன் ஆகிய இரண்டுமே தம் புதிய முயற்சிகளைக் கண்ணாடியற்ற கமராக்களிற் செலுத்துகின்றன. இதனால் கண்ணாடிக் கமராக்கள் பயனற்றுப் போயின என்று எண்ணற்க. புதியதை நாடுவோர் பழையதை விற்கிறார்கள். சிறிய பணப்பை உடையவர்க்கு இது நல்ல காலம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை உயர்ந்ததை அனுபவித்த எமக்கு இது சிறிய விஷயமன்று.

வில்லையே முதல்

கமராவோடு வழக்கமாகத் தரப்படும் 18–55 மில்லிமீற்றர் வில்லை பகல் வெளிச்சத்திற்குப் போதும். ஆனால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கல் மண்டபத்து மங்கிய ஒளியில், குத்துவிளக்கின் முன் நிற்கும் மணப்பெண்ணைப் படம் பிடிக்க அது தடுமாறும். அதற்கு 50 மில்லிமீற்றர், 1.8 என்று பொறித்த சிறிய வில்லை வேண்டும். இவ்வெண் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு ஒளி புகும் வாய் பெரியது. வழக்கமான வில்லை அதே 50 மில்லிமீற்றரில் 5.6 அளவிற்கே திறக்கும், 1.8 வில்லையோ ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். வில்லைகளுள் விலை குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று.

ஓர் எச்சரிக்கை: நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் வில்லையைச் சுழற்றும் மோட்டார் உடலினுள் இல்லை. மோட்டார் இல்லாத பழைய வில்லையை அவற்றில் மாட்டினால், குவியத்தைக் கையாலேயே சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே, கையிலுள்ள பணம் முழுவதையும் கமராவின் உடலுக்கே கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது வில்லை, மேலதிக மின்கலம், நினைவகத் தகடு, பை ஆகியவற்றுக்கென ஒரு பங்கை முன்னதாகவே ஒதுக்குங்கள்.

பாவித்த கமராவைச் சோதித்தல்

பாவித்த கமராவாயின், அது இதுவரை எத்தனை தடவை 'கிளிக்' செய்தது என்று கேளுங்கள். ஆரம்பநிலைக் கமராக்கள் பொதுவாக ஓர் இலட்சம் தடவை அளவிற்குத் தாங்குமாறு செய்யப்படுகின்றன. எழுபதாயிரம் கடந்ததாயின் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வில்லையைக் கழற்றி, பின்புறமிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால், அது பூஞ்சணம், வேண்டாமென்று எழுந்துவிடுங்கள்.

புதியதாயின், உத்தரவாதம் உற்பத்தியாளரின் முகவருடையதா, கடைக்காரருடையதா என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து வாங்குங்கள். கடை மாறினாலும் கடைக்காரர் மாறினாலும் எழுத்து மாறாது.

கடற்காற்று என்னும் பகை

பூஞ்சணத்தைப் பற்றி நான் பேசுவது பட்டறிவினால். கடற்கரையிலிருந்து நான்கு வீடுகள் தள்ளிய எமது வீட்டில், தோலுறையிலிட்டு அலுமாரியிற் பத்திரமாக வைத்த என் பழைய வில்லை, இரண்டு மழைக்காலங்களிற் கெட்டுப் போயிற்று. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் எழுபது வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. பூஞ்சணத்துக்கு அதுவே விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியொன்றும் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். அதைவிட முக்கியமாக, கமராவை அடிக்கடி வெளியில் எடுத்துப் பாவியுங்கள்.

முதற் படம்

மூன்று கடைகள் ஏறி இறங்கிய பின், மருமகன் பாவித்த கமரா ஒன்றையும் 50 மில்லிமீற்றர் வில்லையையும் வாங்கினான். சீட்டுப் பணத்திற் கொஞ்சம் தாயிடம் திரும்பியும் வந்தது.

நேரே எமது வீட்டுக்கு வந்து, யன்னலோரம் அமர்ந்திருந்த தன் அம்மம்மாவைப் படம் பிடித்தான். என் தாயாரின் திருமணப் படம், 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடு எரிந்தபோது அதனோடு எரிந்து போனது. அவரின் இளமை முகம் பேரப்பிள்ளைகள் எவருக்கும் தெரியாது. திரையில் தம் முகத்தைக் கண்ட தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதையாவது கவனமாக வை, ராசா" என்றார்.

அன்றிரவே அப்படத்தின் ஒரு பிரதியை எமது கணினியிலும், மற்றொன்றைக் கொட்டாஞ்சேனை வீட்டிலும் வைத்தோம். அச்சிட்ட ஒன்று சுவரில் இருக்கிறது. எதைப் படம் பிடிக்கப் போகிறாய் என்று நான் கேட்ட கேள்விக்கு, மருமகன் அளித்த விடை அது. கமரா வாங்கப் போகும் அன்பர்களே, கடைப்படி ஏறுமுன் அக்கேள்விக்கு உங்கள் விடையைத் தேடிக்கொள்ளுங்கள். எந்தக் கமரா என்பது பின்னர் தானே விளங்கும்.