பூனையின் பல்லும் அதன் செலவும்

பூனைக்குப் பல் வைத்தியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நேயர்களுள் சிலர் நகைத்தல் கூடும். மனிதருடைய பல்வலிக்கே பணம் தேட வேண்டிய வீடுகள் பல இருக்க, பூனைக்குச் செலவிட எங்கே போவது என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்வி நியாயமானதே. ஆகவே அச்செலவு எதனால் உண்டாகிறது, அதில் எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைத்தல் ஆகாது என்பவற்றை முறையாக ஆராய்வோம்.

செங்கற்பட்டு வட்டாரத்தில் நெல் மூட்டை அடுக்கிய வீடுகளிலும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களிலும் பூனை வெறும் அழகுப் பிராணி அன்று. மூட்டையையும் வலையையும் எலி கடியாமல் காக்கும் வேலைக்காரன் அது. இந்த உறவு பழமையானது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை உயரத் தூக்கித் தவம் புரியும் பூனை ஒன்று உண்டு. அதன் அருகே எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. அது போலித் தவம் என்பதை அறிந்து காண்போர் சிரிப்பர்.

நம் வீட்டுப் பூனையும் சில வேளைகளில் இத்தகைய தவத்தில் அமர்வதுண்டு. மீன் வைத்த தட்டின் அருகே செல்லும், முகர்ந்து பார்க்கும், உண்ணாமல் ஒதுங்கி அமரும். வயிறு நிறைந்தது போலும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அதற்குப் பசி உண்டு, மெல்லத்தான் முடியவில்லை. வலியை வெளிக்காட்டாமல் மறைப்பது பூனையின் இயல்பு. வாய்நாற்றம், எச்சில் ஒழுகுதல், ஒரு பக்கமாகவே மெல்லுதல், முன்னங்காலால் வாயைத் தேய்த்தல், உடலை நக்கித் தூய்மை செய்யாது விடுதல் ஆகியவையே அது நமக்குக் காட்டும் குறிப்புகள்.

வளர்ந்த பூனைக்குப் பற்கள் 30. குட்டியாய் இருக்கையில் உள்ள 26 பாற்பற்கள் ஆறு திங்களுக்குள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. உணவின் துணுக்கும் எச்சிலும் கிருமிகளும் சேர்ந்து பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. எச்சிலிலுள்ள தாதுப் பொருள்களால் அப்படலம் நாளடைவில் காரை போல் இறுகுகிறது. அதனால் ஈறு சிவக்கும். பின்னர் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். மற்றொரு நோயில் பூனையின் உடலே தன் பல்லை உள்ளிருந்து அரித்துக் கரைத்துவிடுகிறது. இந்நோய் பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது. மூன்றாவதாக, வாய் முழுதும் புண்ணாகும் அழற்சியும் உண்டு.

இனிச் செலவுக்கு வருவோம். பெருந்தொகையைக் கூறு கூறாகப் பிரித்தால்தான் கணக்கு விளங்கும் என்பது பள்ளிப் பிள்ளைகள் அறிந்ததே. மனிதர் நாற்காலியில் அமர்ந்து வாயைத் திறப்பர், பூனை திறவாது. ஆதலால் முழு மயக்கம் கொடுத்த பின்னரே பல்லைத் தொட முடியும். மயக்கத்திற்கு முன் இரத்தப் பரிசோதனை, மூச்சுக்குழாயில் இடும் குழல், மயக்க மருந்து, உடற்சூடும் மூச்சும் தவறாமல் அருகிருந்து கவனிக்கும் உதவியாளர் ஆகியவை முதற் கூறு. ஈறுக்குள் மறைந்த வேரைக் காண எடுக்கும் எக்ஸ்ரே படம் இரண்டாம் கூறு. காரையைக் கருவியால் அகற்றி மெருகிடுதல் மூன்றாவது. பல்லைப் பிடுங்குதல் நான்காவது. மேல் வரிசையிலுள்ள பெரிய கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள் உண்டு. அதனைத் துண்டாக அறுத்து, வேர் வேராக எடுக்க வேண்டும். பின்னர் வலிமருந்தும் மறுபரிசோதனையும். இவ்வாறு நோக்கினால், செலவின் பெரும்பகுதி பல்லுக்கு ஆவதன்று. பூனையைத் தீங்கின்றி உறங்கவைத்து எழுப்புவதற்கே ஆகிறது என்பது புலனாகும்.

இதிலிருந்து சில பயன்கள் பெறலாம். மயக்கமின்றிக் குறைந்த பணத்தில் சுரண்டித் தருவோம் என்று எவரேனும் கூறின் இணங்கலாகாது. வெளியே தெரியும் பல் வெளுக்கும். ஈறுக்குள்ளிருக்கும் நோய் அப்படியே இருக்கும். கொடுத்த பணமும் வீண். மருத்துவரிடம் முன்னரே கூறுவாரியான மதிப்பீட்டைக் கேட்டுப் பெறுக. எக்ஸ்ரேயில் மேலும் பற்கள் கெட்டிருப்பது தெரிந்தால் தொகை எவ்வளவு உயரும் என்பதையும் கேட்டுக்கொள்க. மயக்கத்தைப் பூனை தாங்குமாயின், இருமுறை மயக்குவதைவிட ஒரே முறையில் முடிப்பது சிக்கனம். கையில் பணம் குறைவாயின் அதை மறையாமல் சொல்லுக. கெட்ட பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றுவதினும் அதனைப் பிடுங்கிவிடுவது பெரும்பாலும் மலிவு. பல் பல இழந்த பூனையும் மென்மையான உணவை உண்டு நலமாக வாழும். பல்லைக் காத்தல் வேறு, பூனையைக் காத்தல் வேறு.

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நன்று. பெரிய சிகிச்சை தேவையாயின், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய அக்கல்லூரி, 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. செங்கற்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில் உண்டு. அங்கிருந்து வேப்பேரி அருகே. போக்குவரத்துக்கும், அன்று இழக்கும் நாட்கூலிக்கும் சேர்த்தே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

செலவுக்கு அஞ்சி வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுப்போர் உளர். இது பேராபத்து. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. நாம் பயன்படுத்தும் பற்பசையும் பூனைக்கு ஆகாது. அது துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும்.

பணமில்லாதவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குட்டிப் பருவம் முதலே, விரலில் சுற்றிய ஈரத் துணியால் பல்லைத் துடைத்துப் பழக்குக. வாரம் ஒருமுறை உதட்டை மெல்லத் தூக்கி ஈற்றின் ஓரத்தைப் பாருங்கள். சிவந்த கோடு தென்பட்டால் உடனே காட்டுக. அப்போது காரையை அகற்றுவதோடு முடியக்கூடியது, ஆண்டு கழிந்தால் பல பற்களைப் பிடுங்கும் செலவாக வளரும். எல்லா நோயையும் இதனால் தடுத்தல் இயலாது. பற்கரைவு நோய் தூய்மையாக வளர்த்த பூனைக்கும் வரும். எனினும் முன்னதாக அறிந்தால் வலியும் குறையும், செலவும் குறையும்.

மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சி காரணமாக 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. ஒரு பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர், அதன் நலத்திற்கும், தேவையற்ற துன்பம் அதற்கு நேராதிருப்பதற்கும் இயன்ற நடவடிக்கை அனைத்தும் எடுத்தல் கடமை என்பது அதன் கருத்து. இயன்ற என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். படகு கடலில் இறங்காத நாளில், சிகிச்சைப் பணம் முழுவதையும் ஒரு குடும்பம் புரட்டுதல் இயலாமற் போகலாம். அதற்காக அவர்களைப் பழித்தல் தகாது. ஆனால் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது எவர்க்கும் இயலும். நம் நெல்லையும் வலையையும் காத்து நிற்கும் வாயில்லாச் சீவனுக்கு அந்த ஒரு நிமிடத்தையேனும் நாம் கொடுப்போமாக.