சந்தனக் கட்டையும் மோட்டார் மெருகும்

தியாகி சுப்பிரமணிய சிவாவையும், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையரையும் தமிழ் நாட்டுக்கு அளித்த வத்தலக்குண்டிலே போய், மோட்டார் வண்டிக்கு மெருகு போடுவதைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஊர் வழியாக ஒரு தடவை கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வரும் வண்டிகள், மலை ஏறுவதற்கு முன்னால் இங்கே சற்று மூச்சு வாங்குகின்றன. வண்டியில் வந்தவர்கள் காப்பி சாப்பிடுகிறார்கள். வெற்றிலை போட்டுக் கொள்கிறார்கள். கீழே சமவெளியின் வெயிலும் புழுதியும். மேலே மூடுபனியும் மழையும். திரும்பி வரும்போது வண்டி முழுவதும் காய்ந்த சேறு. இறங்கியவுடனே தோளிலே கிடக்கும் துண்டை எடுத்து, அந்தப் புழுதியை வறட்டுத் துணியால் அழுத்தித் துடைக்கிறோம். துடைப்பது நாம், கீறுவது மணல். இப்படிப் பல தடவை துடைத்த பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் பானெட்டைப் பார்த்தால், சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல் ஆயிரம் கீறல்கள் தெரியும். அப்போதுதான் "பாலிஷ் போட்டால் என்ன?" என்ற எண்ணம் உதயமாகிறது.

எங்கள் உறவினர் வீட்டிலும் அப்படித்தான் உதயமாயிற்று. வங்கியில் கடன் வாங்கி, பழைய வண்டி ஒன்றை அவர்கள் வாங்கியிருந்தார்கள். நல்ல கருநீல வர்ணம். வீட்டிலே கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டியே போக வேண்டும் என்பது வீட்டு அம்மாளின் ஆசை. முதல் நாள் மாலை, பட்டறை ஒன்றிலே வண்டியை விட்டு, "தம்பி, ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடு" என்றோம். பையனும் முடித்துக் கொடுத்தான். விளக்கொளியில் வண்டி கண்ணாடி போல் இருந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி.

மறுநாள் காலை வெயிலிலே குட்டு வெளிப்பட்டது. கதவுகளின் மேல் வானவில் போன்ற வளையங்கள், வண்டியை நகர்த்தினால் தாமும் நகர்ந்தன. அது போகட்டும். பானெட்டின் மேட்டு விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மினுமினுப்பே இல்லாமல் மங்கிப் போய் ஒரு பட்டை. பிறகு வர்ண வேலையிலே பழுத்த பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதற்கு இனிமேல் மெருகு கிடையாது; பானெட் முழுவதும் மறுபடி பெயிண்ட்தான்" என்றார்.

மெருகு ஏற்றப் போய் இருந்ததும் போனது எப்படி? இதைத் தெரிந்துகொள்ள, வண்டியின் வர்ணம் என்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்து வண்டியின் தகட்டின் மேல் நாலு பூச்சுகள் உண்டு. துருப் பிடிக்காமல் காப்பது ஒன்று. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நாம் பார்க்கும் வர்ணம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத 'கிளியர்' என்ற பூச்சு. நாலும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். மேலேயுள்ள கிளியரோ சுமார் 40 மைக்ரான். அதாவது, வண்டியின் அழகு முழுவதும் அரை மயிர் கனத்தில் இருக்கிறது! வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கீழேயுள்ள வர்ணத்தை வெளுக்கச் செய்யாமல் தடுப்பதும் இந்தப் பூச்சுதான்.

மெருகு போடுவது என்றால் எதையோ புதிதாகப் பூசுவது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படி அல்ல. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துச் சமமாக்கத்தான் முடியும். பூஜைக்குச் சந்தனம் அரைக்கிறோம். மணம் வருகிறது, உண்மை. ஆனால் அரைக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டை தேய்கிறது. மோட்டார் வண்டியின் பளபளப்பும் அப்படிப்பட்டதே. மிருதுவாக ஒரு தடவை தேய்த்தால் ஒரு மைக்ரான் அளவு போகலாம். முரட்டுக் காம்பவுண்டு வைத்து அழுத்தினால் அதைப் போலப் பல மடங்கு போகும். கட்டை தீர்ந்தால் கடையில் வேறு வாங்கலாம். கிளியர் தீர்ந்தால் பெயிண்ட் கடைதான் கதி.

வர்ணத்தின் பூர்வ கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1923-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டூபாண்டு கம்பெனியாரின் 'டூகோ' என்ற துரிதமாகக் காயும் வர்ணம், ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்டு வண்டிகளுக்கு அடிக்கப்பட்டது. அதற்கு முன் வார்னிஷ் பூசி, காய வைத்து, தேய்த்து, மறுபடியும் பூசி ஒரு வண்டியை முடிக்க வாரக் கணக்கில் ஆகும். நம் தேசத்து அம்பாஸடர் வண்டி, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரையில் தயாராயிற்று. அந்தக் காலத்து அம்பாஸடர்களில் வர்ணமும் மினுமினுப்பும் ஒரே பூச்சுதான். தேய்த்தால் துணியிலே வெள்ளையோ கறுப்போ ஒட்டிக் கொள்ளும். "போதும், வர்ணம் வருகிறது" என்று துணியே எச்சரிக்கும். வேலைக்காரனும் கையை நிறுத்துவான். 1980-களிலிருந்து உலகெங்கும் பரவிய கிளியர் பூச்சுக்கு நிறம் கிடையாது. அது தேய்வதைத் துணி காட்டிக் கொடுக்காது. துணியிலே நிறம் தெரியும்போது கிளியர் அந்த இடத்தில் முடிந்து போயிருக்கும். பழைய வண்டியிலே கற்ற கை, புதிய வண்டியிலே ஏமாறுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இனி யந்திரங்களுக்கு வருவோம். பட்டறைகளில் இரண்டு விதமான யந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று 'ரோட்டரி'. 'பேட்' என்று சொல்லும் ஸ்பாஞ்சு வட்டோ கம்பளி வட்டோ அதன் நுனியில் இருக்கும். அது குயவன் சக்கரம் போல ஒரே அச்சில், ஒரே இடத்தில் சுழலும். மற்றது 'டூயல் ஆக்ஷன்' என்னும் இரட்டை இயக்க யந்திரம். பூமி தன்னைத் தானே சுற்றிக் கொண்டு சூரியனையும் சுற்றி வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, அது போல இதன் வட்டு ஒரு சின்ன வளையத்திலே சுற்றி வந்து கொண்டு, தானும் மெதுவாகச் சுழலும். அந்த வளையத்தின் குறுக்களவு சில யந்திரங்களில் 8 மில்லிமீட்டர், சிலவற்றில் 15. இத்தாலி தேசத்து ரூபஸ் கம்பெனியார் 21 மில்லிமீட்டர் வளையத்திலும் செய்திருக்கிறார்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்பதைச் சிறு கணக்கால் காட்டுகிறேன். 6 அங்குல வட்டுள்ள ரோட்டரி, நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றினால், வட்டின் ஓரம் மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீட்டர் வேகத்தில் வர்ணத்தின் மேல் ஓடுகிறது. கொடைக்கானல் மலைப் பாதையில் ஏறும் பேருந்துக்கு அந்த வேகம் கிடைக்காது! ஆனால் அதே வட்டின் நடுப்புள்ளிக்கு வேகம் கிடையாது. யந்திரத்தைக் கொஞ்சம் சாய்த்தால் போதும்; முழு அழுத்தமும் வேகம் மிகுந்த ஓரத்தில், பிறைச் சந்திரன் அளவு இடத்தில் விழுகிறது. உராய்வினால் சூடு, சூட்டினால் பூச்சு இளகல், பிறகு எரிதல். இரட்டை இயக்க யந்திரமோ, 15 மில்லிமீட்டர் வளையத்தில் நிமிஷத்துக்கு 4000 தடவை சுற்றினாலும் அந்த ஓட்டம் மணிக்கு 11 கிலோமீட்டர்தான். வட்டின் மெதுவான சுழற்சி அதனுடன் சேரும். தேய்ப்பும் வட்டு முழுவதிலும் பரவி விடுகிறது. அதனாலேயே சூடும் குறைவு, வானவில் வளையங்களும் குறைவு.

இன்னொரு விசேஷமும் உண்டு. அதை அளவுக்கு மீறி அழுத்தினால், வட்டு சுழல்வதை நிறுத்திவிடும், வெறுமே அதிரும். ரோட்டரிக்கு அந்தக் குணம் கிடையாது. அழுத்த அழுத்தச் செதுக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில், வளையத்தில் வந்தாலும் வட்டைப் பற்சக்கரத்தினால் கட்டாயமாகச் சுழற்றும் மூன்றாம் ஜாதியும் இருக்கிறது. அது அழுத்தத்துக்கு நிற்காது. ஆகையால் அதனிடமும் ஜாக்கிரதை வேண்டும்.

அப்படியானால் ரோட்டரியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஆழமான கீறலுக்கும், புதிதாகப் பெயிண்ட் அடித்து நீர்க் காகிதம் போட்ட தகட்டுக்கும், தேர்ந்த கையில் அது அரை நாள் வேலையை ஒரு மணியில் முடிக்கும். எங்கள் பெரியவரும் ரோட்டரிக்காரர்தான். "யந்திரத்தின் மேல் குற்றம் இல்லை, ஐயா. பையனுக்கு அதைப் பழக்கிக் கொடுக்கவில்லை, நீங்களும் நேரம் கொடுக்கவில்லை" என்றார் அவர். அந்த இரண்டாவது வாக்கியம் எங்கள் நெஞ்சிலே தைத்தது. கல்யாண அவசரத்தில் ஒரு மணி நேரம் என்று கெடு வைத்தது நாங்கள்தாமே?

அவர் சொன்ன முறைகளைக் குடும்பத்தார் நினைவில் வைத்துக் கொள்வது நலம். முதலில் வண்டியை நன்றாகக் கழுவி, நிழலிலே நிறுத்தி, தகடு குளிர்ந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தகட்டின் மேல் வைக்கும் கனமானி ஒன்று உண்டு; அது பூச்சின் மொத்தக் கனத்தை மைக்ரானிலே சொல்லும். ஒரு கதவில் 110 என்றும் அடுத்த கதவில் 400 என்றும் காட்டினால், அடுத்தது முன்பே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த கதவு என்று அறியலாம். சாதாரணக் கனமானி பிளாஸ்டிக் பம்பரின் மேல் பேசாது. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாமல் தன்னிடமே தேக்கிக் கொள்ளுமாகையால் அங்கே கை இன்னும் லேசாக இருக்க வேண்டும். மேட்டு விளிம்புகளில் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே வழிந்து மெலிந்துவிடுவதால், அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொள்ள வேண்டும். எங்கள் பானெட்டிலே எரிந்தது அப்படிப்பட்ட விளிம்புதான்.

பிறகு இரண்டடிச் சதுரத்தில் மட்டும், மிக மிருதுவான வட்டையும் மிக மிருதுவான காம்பவுண்டையும் வைத்துப் பரீட்சை செய்ய வேண்டும். அதிலே பலன் போதுமானால் மேலே போக வேண்டியதில்லை. காம்பவுண்டு பட்டாணி அளவில் நாலைந்து சொட்டுப் போதும். யந்திரத்தைத் தகட்டின் மேல் வைத்த பிறகே முடுக்க வேண்டும். அதன் கனமே அழுத்தம், நாம் சாய வேண்டாம். இரட்டை இயக்க யந்திரத்தின் வட்டுத் தட்டிலே பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொண்டால், வட்டு சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். அடிக்கடி உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்தி ஆற விட வேண்டும். துடைப்பதற்குப் பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்ட் ஆகாது. அதில் ஒட்டிய தூசி, போக்கிய கீறலைத் திரும்பக் கொண்டு வரும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணிதான் உகந்தது.

வண்டியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாம், யந்திரம் பிடிக்கிற பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை கவலைப்பட வேண்டாமா? தண்ணீர் ஓடும் தரையிலே நின்று மின்சார யந்திரம் பிடிக்கிறான். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி அந்தப் பட்டறையில் இருக்கிறதா என்று கேட்பது நம் கடமை. கழுத்துத் துண்டும், தொளதொள என்ற சட்டை முனையும், வண்டியின் ஒயிப்பரும் சுழலும் வட்டிலே சிக்கிக் கொள்ளும். மின் கம்பி தோளுக்குப் பின்னால் போக வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகமூடியும் வேண்டும். தகட்டின் ஓரத்திலே, சுழல்கிற வட்டு விளிம்பை விட்டு வெளியே ஓடுகிற திசையில் பிடித்தால் யந்திரம் கையை உதறாது. இவற்றை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். கற்றுக் கொள்ள அவனுக்குப் பழைய தகடு ஒன்றும் நேரமும் வேண்டும். நம் தேசத்துத் தொழிலாளியின் கை தேர வேண்டும் என்று மேடையிலே பேசுகிறோம். அது தேர்வதற்கு வேண்டிய ஒரு நாள் அவகாசத்தை நம் வண்டியிலிருந்து கொடுக்க மட்டும் மறுத்தால் எப்படி?

எங்கள் உறவினர் வண்டியின் பானெட்டுக்கு அந்தப் பெரியவரே பெயிண்ட் அடித்தார். இரண்டு நாள் வைத்துக் கொண்டார். நாங்கள் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. புது பானெட்டை நீர்க் காகிதம் போட்டு அவர் ரோட்டரியால் மெருகேற்றினார். கதவுகளிலிருந்த வளையங்களையோ அதே பையன், பெரியவர் பக்கத்தில் நிற்க, இரட்டை இயக்க யந்திரத்தால் மெள்ள மெள்ளப் போக்கினான். சில ஆழமான கீறல்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. "அவை இருக்கட்டும், அவற்றை எடுத்தால் கிளியரும் போய்விடும்" என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் அந்த வீட்டு அம்மாள், வண்டியை வறட்டுத் துண்டால் துடைக்க யாரையும் விடுவதில்லை. மலையிலிருந்து இறங்கியதும் ஒரு வாளித் தண்ணீர் முதலில், துணி பிறகுதான். பூஜைக்குச் சந்தனம் அரைக்கும்போதும், கட்டையை முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் தேய்க்கிறாளாம்.